கர்ப்பிணிகளும் கொசுவலையும்: பயன்பாட்டைத் தீர்மானிக்கும் காரணிகள்

மலேரியாவைத் தடுக்கும் கருவிகளுள் பூச்சிக்கொல்லி தோய்ந்த கொசுவலை எளியது, விலை குறைந்தது, மின்சாரமோ மருத்துவப் பயிற்சியோ வேண்டாதது. ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தவிர்க்கப்பட்டதாகக் கணிக்கப்படும் சுமார் 66 கோடி மலேரியாக் காய்ச்சல்களில் மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்த்தது இந்த வலைதான் என்று 2015இல் வெளியான விரிவான மதிப்பீடு ஒன்று காட்டியது. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2000 ஏப்ரல் 25 அன்று நைஜீரியாவின் அபுஜா நகரில் கூடியபோது, கர்ப்பிணிகளிலும் சிறு குழந்தைகளிலும் குறைந்தது 60 விழுக்காட்டினரை 2005ஆம் ஆண்டுக்குள் மலேரியாத் தடுப்பு சென்றடைய வேண்டும் என்று உறுதி பூண்டனர். அன்று மிகச் சிலரே வலைக்குள் உறங்கிய நிலையிலிருந்து பெரும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது என்றாலும், சஹாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளில் 2022இல் ஏறத்தாழ 56 விழுக்காடு கர்ப்பிணிகளே வலைக்குள் உறங்கினர் என உலக சுகாதார நிறுவனம் கணித்தது.

எஞ்சிய பெண்கள் ஏன் வலைக்கு வெளியே உறங்குகின்றனர் என்பதை இவ்வியல் ஆராய்கிறது. அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பதே சுகாதாரத் திட்டங்கள் பெரும்பாலும் தரும் விடை. ஆனால் வலை உரிய நேரத்தில் கையில் சேர்வதும், வீட்டில் கர்ப்பிணிக்கென ஒதுக்கப்படுவதும், படுக்கைக்கு மேல் தொங்கவிடப்படுவதும், ஒவ்வோர் இரவும் விரிக்கப்படுவதும் தனித்தனிப் படிகளாகும். இவற்றில் பல அந்தப் பெண்ணின் முடிவுக்கு உட்பட்டவையாகவே இருப்பதில்லை. ஆதலால் எந்தப் படியில் தடை உள்ளது என்று கண்டறிந்த பின்னரே அறிவுரை, விநியோகம், குடும்பத்தாருடன் பேச்சு ஆகியவற்றுள் எது தேவை என்று முடிவு செய்ய இயலும்.

1. கர்ப்பிணிக்குத் தனிக் கவனம் ஏன்?

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பெரும்பாலும் உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபரம் என்னும் ஒட்டுண்ணி, தான் புகுந்த சிவப்பணுக்களை இரத்தநாளச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளச் செய்யும் இயல்புடையது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி, அதாவது தாயின் இரத்தத்திலிருந்து சிசுவுக்கு ஊட்டத்தையும் உயிர்வளியையும் கடத்தும் உறுப்பு, இந்த ஒட்டுண்ணிக்குப் புதியதோர் உறைவிடமாகிறது. அதிலுள்ள காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்னும் சர்க்கரைச் சேர்மத்தைப் பற்றிக்கொள்வதற்கென்றே ஒட்டுண்ணி தனியான ஒரு புரதத்தை வெளிப்படுத்துகிறது. மலேரியா மிகுந்த பகுதியில் பிறந்து வளர்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்ற பெண்ணின் உடலுக்கும் இந்த வடிவம் முதல் கர்ப்பத்தில்தான் அறிமுகமாகிறது என்பதால், தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கே ஆபத்து மிகுதி. அடுத்தடுத்த கர்ப்பங்களில் எதிர்ப்பாற்றல் படிப்படியாகக் கூடுகிறது.

இந்நோய் பெரும்பாலும் ஓசையின்றி வருகிறது. காய்ச்சலே இல்லாமல், விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணி புலப்படாமல், நஞ்சுக்கொடியில் மட்டும் தொற்று தங்கியிருந்து, தாய்க்கு இரத்தசோகையையும், சிசுவுக்கு 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடையையும், குறைப்பிரசவத்தையும், சில வேளைகளில் கருச்சிதைவையோ இறந்து பிறத்தலையோ விளைவிக்கக்கூடும். மலேரியா மிதமாகவோ மிகுதியாகவோ பரவும் 33 ஆப்பிரிக்க நாடுகளில் 2022இல் ஏறத்தாழ 3.5 கோடிப் பெண்கள் கருவுற்றனர் என்றும், அவர்களில் சுமார் 1.27 கோடிப் பேர், அதாவது மூன்றில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலானோர், மலேரியாத் தொற்றுக்கு ஆளாயினர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கொசுவும் கர்ப்பிணியையே அதிகம் நாடுகிறது. காம்பியாவில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணிகள் ஏனைய பெண்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அனாபிலஸ் கொசுக்களை ஈர்த்தது தெரியவந்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வெளிவிடும் மூச்சின் அளவு கூடுவதும் வயிற்றுப் பகுதியின் வெப்பம் சற்று உயர்வதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

நோய்த்தடுப்புக்கு மருந்தும் உண்டு. சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் என்னும் கூட்டு மருந்தை, நோய் இருப்பினும் இல்லாவிடினும், குறைந்தது ஒரு மாத இடைவெளியில் கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போது கொடுப்பது இதன் முறை. ஆனால் நான்காம் மாதம் தொடங்கிய பின்னரே இது கொடுக்கப்படுகிறது, எச்.ஐ.வி. தொற்றுக்காகக் கோட்ரிமாக்சசோல் மருந்தை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு இது கொடுக்கப்படுவதே இல்லை. எனவே முதல் மூன்று மாதங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொசுவலையே முதன்மைக் காப்பாகிறது. வலையற்ற நிலையோடு ஒப்பிட்டு ஆப்பிரிக்காவில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பாய்வின்படி, முதல் நான்கு கர்ப்பங்களில் பூச்சிக்கொல்லி வலை எடைக்குறைவான பிறப்புகளை 23 விழுக்காடும், கருச்சிதைவையும் இறந்து பிறத்தலையும் 33 விழுக்காடும் குறைத்தது.

2. இருப்பும் பயன்பாடும்: வேறுபடுத்த வேண்டிய இரு அளவுகள்

களநிலையை மதிப்பிடுவோர் முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற கணக்கில், ஒரு வீட்டிலுள்ளோரில் எத்தனை பேருக்கு வலைக்குள் இடம் உள்ளது என்பது ‘வாய்ப்பு’ எனப்படும். முந்தைய இரவு உண்மையில் எத்தனை பேர் வலைக்குள் உறங்கினர் என்பது ‘பயன்பாடு’ எனப்படும். பயன்பாட்டை வாய்ப்பால் வகுத்து வரும் விகிதமே சிக்கல் எங்குள்ளது என்பதைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, நூறு பேர் வாழும் ஓர் ஊரில் ஐம்பது பேருக்கு மட்டுமே வலையில் இடமிருந்து அவர்களில் நாற்பத்தைந்து பேர் வலைக்குள் உறங்கினால், அவ்வூரில் வலையின் மதிப்பை மக்கள் நன்கு உணர்ந்துள்ளனர், பற்றாக்குறையே தடை என்று கொள்ள வேண்டும். எண்பது பேருக்கு இடமிருந்தும் நாற்பது பேரே அதில் உறங்கினால், தடை வீட்டுக்குள்ளோ மனத்திலோ வலையின் தன்மையிலோ உள்ளது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வீட்டு மாதிரிக் கணக்கெடுப்புகளை இவ்வாறு பகுத்துப் பார்த்தபோது, வலையில் இடம் பெற்றவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துகின்றனர் என்பதே தெரியவந்தது. வலை போதாத ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது, இல்லாத பொருளைப் பயன்படுத்தும்படி மக்களிடம் கேட்பதாகும்.

3. வலை கையில் சேர்வதைத் தீர்மானிப்பவை

விலை. சிறு தொகையேனும் வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் மக்கள் வலையை மதிப்பர் என்ற கருத்து நெடுங்காலம் திட்டங்களை வழிநடத்தியது. மேற்குக் கென்யாவின் கர்ப்பகாலப் பரிசோதனை மையங்களில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு இக்கருத்தை நேரடியாகச் சோதித்தது. இலவசமாகக் கொடுத்த மையங்களோடு ஒப்பிடுகையில், 60 அமெரிக்க சென்ட் விலை வைத்த மையங்களில் வலை பெற்றோரின் அளவு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்தினர் என்பதற்கோ எந்தச் சான்றும் கிட்டவில்லை. டான்சானியாவில் 2004இல் தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நடந்த ‘ஹாத்தி புங்குசோ’ என்னும் தள்ளுபடிச் சீட்டுத் திட்டமும் இதே பாடத்தைத் தருகிறது. பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணி சீட்டைப் பெற்று, கடையில் அதைக் கொடுத்து, மீதித் தொகையைக் கையிலிருந்து செலுத்தி வலை வாங்க வேண்டியிருந்தது. வலை வணிகத்தைக் கிராமங்கள் வரை பரப்பிய இத்திட்டத்தில், அந்த மீதித் தொகையே ஏழைப் பெண்களுக்குத் தடையாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் 2007இல், நீடித்த காலம் உழைக்கும் வலைகளை இலவசமாகவோ பெரும் மானியத்துடனோ அனைவருக்கும் வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

காலம். பல நாடுகள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுதோறும் வலை வழங்குகின்றன. இரு விநியோகங்களுக்கு இடையே வலைகள் கிழிந்துபோகின்றன. புதிதாக மணமாகித் தனிக்குடித்தனம் போன இளம்பெண் அவ்விடைவெளியில் கருவுற்றால், அவளுக்கு வலை கிடைக்கும் ஒரே வாயில் கர்ப்பகாலப் பரிசோதனை மையம்தான். ஆனால் கருவுற்ற செய்தியைத் தொடக்கத்தில் வெளியிடுவது கண்ணேறுக்கோ சூனியத்துக்கோ இடம் கொடுக்கும் என்ற அச்சம் பல சமூகங்களில் உள்ளது. பயணச் செலவும், மையத்தில் நீண்ட நேரக் காத்திருப்பும், மணமாகாத இளம்பெண்ணாயின் செவிலியரின் கடுஞ்சொல்லும் இதனோடு சேர்கின்றன. பன்னிரண்டு வாரங்களுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது 2016இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. பல பெண்கள் ஐந்தாம், ஆறாம் மாதத்தில்தான் மையத்தை அடைகின்றனர். அப்போது கொடுக்கப்படும் வலை, மிகவும் தேவைப்பட்ட மாதங்களைக் காக்கத் தவறிவிடுகிறது.

மையத்தின் கையிருப்பு. பரிசோதனைக்கு வந்த அன்று வலை இருப்பில் இல்லாவிட்டால், அடுத்த முறை தருவதாகச் சொல்லி அனுப்பப்படும் பெண் அடுத்த முறை வராமலே போகலாம். ஆகவே வலையின் கையிருப்பும் மருந்துக் கையிருப்பைப் போலவே மாதந்தோறும் சரிபார்க்கப்பட வேண்டும்.

4. வீட்டுக்குள் நிகழும் பங்கீடு

வீட்டில் ஒரே வலை இருக்கும்போது அது யாருக்கு என்பது குடும்பத்தின் படிநிலையைப் பொறுத்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை மூவரும் ஒரே படுக்கையில் உறங்கும் வீட்டில் கர்ப்பிணி இயல்பாகவே வலைக்குள் வந்துவிடுகிறாள். பலதார மணம் வழக்கிலுள்ள குடும்பங்களிலும், கணவன் தனியறையில் உறங்கும் வீடுகளிலும், கருவுற்ற பருவப்பெண் தங்கை தம்பியரோடு தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளிலும் வலை அவளை எட்டாமல் போகிறது. முதல் கர்ப்பமே மிக ஆபத்தானது என்பதை எண்ணும்போது, வீட்டில் குரல் மிகக் குறைந்த பெண்ணுக்கே தேவை மிகுதி என்ற முரண் புலப்படும்.

பணமும் முடிவும் கணவனிடமோ மாமியாரிடமோ இருக்கும் இடங்களில், மையத்தில் கர்ப்பிணிக்கு மட்டும் சொல்லப்படும் அறிவுரை வீட்டு வாசலோடு நின்றுவிடும். கணவனே வலையைத் தொங்கவிட ஆணி அடித்துக் கயிறு கட்டுபவனாகவும், எந்த அறையில் யார் படுப்பது என்று தீர்மானிப்பவனாகவும் இருப்பதால், அவனை நேரில் சந்தித்துப் பேசுவது வலை வழங்குவதற்கு இணையான பணியாகும்.

கல்வி, செல்வநிலை, வயது, முந்தைய பிரசவங்களின் எண்ணிக்கை ஆகியவை பற்றி ஆய்வுகள் தரும் முடிவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. சில இடங்களில் படித்த பெண்கள் கூடுதலாகப் பயன்படுத்துகின்றனர்; இலவச விநியோகம் பரவலாக நடந்த இடங்களில் ஏழைக்கும் செல்வருக்குமான இடைவெளி சுருங்குகிறது. எனவே வேறோர் ஊரில் கண்ட முடிவைத் தம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதைக் களப்பணியாளர் தவிர்க்க வேண்டும்.

5. வெப்பம், பருவம், உறைவிடம்

வலை இருந்தும் பயன்படுத்தாததற்கு மக்கள் கூறும் காரணங்களைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பாய்வில் இரண்டு காரணங்கள் மேலோங்கி நின்றன: ஒன்று புழுக்கம்; மற்றொன்று கொசு குறைவாக உள்ளது என்ற எண்ணம். கர்ப்பத்தில் உடல்வெப்பமும் மூச்சிரைப்பும் கூடுவதால், தகரக் கூரையின் கீழ் காற்றோட்டமற்ற அறையில் வலைக்குள் கிடப்பது கர்ப்பிணிக்குக் கூடுதல் வேதனை தருவது. இதைச் சோம்பலென்றோ அலட்சியமென்றோ ஒதுக்காமல், படுக்கையைச் சாளரத்துக்கு அருகே மாற்றுவது, அகலமான வலையைத் தருவது போன்ற தீர்வுகளை அவளோடு சேர்ந்து தேட வேண்டும்.

மழைக்காலத்தில் கொசுவின் ரீங்காரம் கேட்கும்போது விரிக்கப்படும் வலை, கோடையில் சுருட்டி மேலே வைக்கப்படுகிறது. நோயைப் பரப்பும் அனாபிலஸ் கொசு, சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவைப் போல இரைச்சலோடு கூட்டமாக வருவதில்லை. எண்ணிக்கையில் குறைந்தும் நள்ளிரவுக்குப் பின் அமைதியாகவும் அது கடிக்கிறது. ஆகவே தொல்லை குறைந்த இரவை ஆபத்தற்ற இரவாகக் கருதலாகாது என்பது தெளிவாகச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

வட்டமான மண்குடிசையில் நாற்கோண வலையைக் கட்டக் கொக்கி மாட்டும் இடம் கிடைப்பதில்லை. பகலில் சமையலுக்கும் இரவில் உறக்கத்துக்கும் பயன்படும் ஒரே அறையில், அன்றாடம் வலையைக் கழற்றி மாட்டும் உழைப்பு வயிறு கனத்த பெண்ணின் மேல் விழுகிறது. இரவில் சிறுநீர் கழிக்கக் கர்ப்பிணிகள் மற்றப் பெண்களைவிட இரு மடங்கு முறை வலையை விட்டு வெளியேறினர் என்று காம்பியாவில் கண்டறியப்பட்டது. மீண்டும் உள்ளே வந்ததும் வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் செருகும் பழக்கமும், கழிப்பிடத்தின் அண்மையும், வாசற்புறத்தின் வெளிச்சமும் கொசுவலைத் திட்டத்தின் பகுதிகளே என்பதை இது உணர்த்துகிறது.

6. அறிவு, அச்சம், நம்பிக்கை

கொசுக்கடியே மலேரியாவுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் இன்று அறிவர். ஆயினும் வெயிலில் உழைப்பதும், மழையில் நனைவதும், சில கனிகளை மிகுதியாக உண்பதும் காய்ச்சலைத் தரும் என்ற நம்பிக்கை அந்த அறிவுக்குப் பக்கத்திலேயே நிலவுகிறது. காரணங்கள் பல என்று கருதும் பெண்ணுக்கு வலை முழுக் காப்பாகத் தோன்றுவதில்லை. மேலும், களைப்பு, தலைவலி, உடல்சூடு, குமட்டல் ஆகியவை கர்ப்பத்தின் இயல்பான அறிகுறிகளாகவே கொள்ளப்படுவதால், நோய் வந்திருப்பதே தெரியாமல் போகிறது. தெரியாத நோய்க்குத் தடுப்பு தேடுவோர் குறைவு.

பூச்சிக்கொல்லியின் மணம் குமட்டலை உண்டாக்கும் என்பதும், அது வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கும் என்பதும் பரவலான அச்சங்கள். வலைகளில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் இதற்கென மதிப்பிடப்பட்டு, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஏற்றவை என்று பரிந்துரைக்கப்பட்டவை. புதிய வலையை உறையிலிருந்து எடுத்ததும் ஒருநாள் முழுவதும் நிழலில் விரித்துக் காற்றாட விட்டால் மணமும் தோலெரிச்சலும் பெரிதும் தணியும். இந்த ஒரு குறிப்பைச் சொல்லாமல் வலையைக் கொடுத்தனுப்பினால், முதல் இரவிலேயே முகம் எரிந்த பெண் வலையை ஒதுக்கிவிடுவாள். அவளது அச்சத்தை அவளது பட்டறிவே உறுதிப்படுத்திவிடும்.

அந்நியர் இலவசமாகத் தரும் பொருளின் உள்நோக்கத்தை ஐயுறுவதும் உண்டு. மலட்டுத்தன்மையை உண்டாக்கவே வலை தரப்படுகிறது என்ற வதந்தி எழும் இடத்தில், ஊர் மதிக்கும் மருத்துவச்சி, சமயத் தலைவர், தாயான பெண்கள் ஆகியோரின் சொல்லே அதை நீக்கவல்லது.

7. வலையின் தரமும் ஆயுளும்

நீடித்த காலம் உழைக்கும் வலை என்பது, நூலிழையிலேயே பூச்சிக்கொல்லி கலந்தோ உறுதியாகப் பூசியோ தயாரிக்கப்படுவது. ஏறத்தாழ 20 சலவைகளையும் மூன்று ஆண்டுப் பயன்பாட்டையும் தாங்கும்படி வடிவமைக்கப்படுவது. கரடுமுரடான மரக்கட்டில், அடுப்பின் தீப்பொறி, எலிக்கடி, குழந்தைகளின் விளையாட்டு ஆகியவற்றால் பல வீடுகளில் அதற்கு முன்பே வலை கிழிந்துவிடுகிறது. கிழிந்ததும் மக்கள் அதைக் கைவிடுகின்றனர். விக்டோரியா ஏரிக்கரையில் வலைகளை மீன் உலர்த்தப் பயன்படுத்தியது பதிவாகியுள்ளது. இத்தகைய செய்திகளைக் கொண்டு மக்களைக் குறைகூறுவதற்கு முன், அவை பழைய வலைகளா புதியனவா என்பதையும், பசி முன்னிற்கும் வீட்டில் வாழ்வாதாரத்தின் நெருக்கடியையும் கருத வேண்டும்.

கொசுக்கள் பைரித்ராய்டுகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்று வருவதும் பயன்பாட்டைப் பாதிக்கிறது. வலைமேல் அமர்ந்த கொசு சாகாமல் பறப்பதைக் காணும் பெண் அதன் ஆற்றலை ஐயுறுகிறாள். கொசுவின் எதிர்ப்பாற்றலை முறியடிக்கும் பைப்பரோனைல் பியூட்டாக்சைடு சேர்த்த வலைகளும், குளோர்ஃபெனாபைர் என்னும் இரண்டாவது மருந்து சேர்த்த வலைகளும் இதற்கென உருவாக்கப்பட்டவை; பின்னதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. எதிர்ப்பாற்றல் மிகுந்த பகுதிகளின் கர்ப்பகாலப் பரிசோதனை மையங்களுக்கும் இவ்வலைகள் சென்றடைய வேண்டும்.

8. களப்பணியாளருக்கான நடைமுறை

மேற்கூறிய காரணிகளைக் கருத்தில் கொண்டு, கர்ப்பிணியைச் சந்திக்கும் பணியாளர் கீழ்க்கண்ட வரிசையில் வினவுதல் பயன் தரும்.

அ) “வலை வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்பதைவிட, “நேற்றிரவு எங்கே, யாரோடு உறங்கினீர்கள்? அந்தப் படுக்கைக்கு மேல் வலை இருந்ததா?” என்று கேட்பதே உண்மை நிலையை வெளிக்கொணரும்.

ஆ) வீட்டில் எத்தனை பேர், எத்தனை படுக்கைகள், எத்தனை நல்ல வலைகள் என்று எண்ணிப் பார்த்து, இருவருக்கு ஒன்று என்ற அளவு நிறைவேறாவிடில், வேறெந்த அறிவுரைக்கும் முன் வலை கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

இ) வலை போதிய அளவில் இருந்தும் கர்ப்பிணி வெளியே உறங்கினால், பங்கீடு, புழுக்கம், தொங்கவிட இடமின்மை, அச்சம், கிழிசல் ஆகியவற்றுள் எது தடை என்பதை அவளே சொல்லும்வரை பொறுமையாகக் கேட்க வேண்டும், பதிலை முன்கூட்டியே அவள் வாயில் வைக்கலாகாது.

ஈ) இயன்றால் அன்றே கணவனோடோ மாமியாரோடோ சேர்ந்து வலையைக் கட்டிக் காட்ட வேண்டும். ஆணியும் கயிறும் வலையோடு சேர்த்தே வழங்கப்பட வேண்டும்.

உ) மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துதல், வெளுப்பான் சேர்க்காமை, சிறு கிழிசலை உடனே தைத்தல் ஆகிய பராமரிப்பு முறைகளைச் செய்து காட்ட வேண்டும்.

ஊ) முதல் முறை கருவுற்றோரையும், இருபது வயதுக்குட்பட்டோரையும், எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோரையும் தனியே குறித்துவைத்து, ஒரு மாதத்துக்குள் மீண்டும் சந்திக்க வேண்டும். இவர்களுள் இளம்பெண்கள் பரிசோதனை மையத்துக்குத் தாமதமாக வரக்கூடியவர்கள் என்பதால், திருமணப் பதிவு, பள்ளி, இளம்பெண்கள் குழு போன்ற வழிகளில் கருவுறுவதற்கு முன்பே வலை சேர்வது மேலும் நன்று.

திட்டத்தின் வெற்றியை வழங்கிய வலைகளின் எண்ணிக்கையால் அளப்பது எளிது. அவ்வாறே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. மையத்துக்கு வந்த முதல் நாளிலேயே வலை பெற்ற கர்ப்பிணிகள் எத்தனை பேர், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் நாள்தோறும் வலைக்குள் உறங்கியோர் எத்தனை பேர் என்ற இரண்டு கணக்குகளும் அதனோடு சேர்க்கப்படும்போதுதான், யாருக்காக இம்முயற்சி தொடங்கப்பட்டதோ அந்தப் பெண் காக்கப்பட்டாளா என்பது தெரியவரும். வலையைப் பயன்படுத்தாத கர்ப்பிணியிடம் குறை காண்பதற்கு முன், அவள் பயன்படுத்துவதற்கு வேண்டிய அனைத்தையும் மையமும் குடும்பமும் அரசும் செய்து முடித்தனவா என்று வினவுவதே இத்துறையில் பணியாற்றுவோரின் முதற்கடமையாகும்.